குரோமாட்டின் தடுப்பான்களும் செல்லின் முதிர்ச்சியும்: சிறிய ஆய்வகத்தில் முதல் சோதனையைத் தொடங்குவோருக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் உயிர்வேதியியலோ உயிரித் தொழில்நுட்பமோ முதுநிலை படிக்கும் மாணவர்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது, ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் நாட்களில், குரோமாட்டினை, அதாவது டி.என்.ஏ.வும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த கட்டமைப்பை, திறந்து மூடும் புரதங்களைச் சிறு மூலக்கூறால் தடுத்து ஒரு செல்லை முதிர வைக்க முடியுமா என்ற கேள்வியோடு வருகிறார்கள். கேள்வி நல்லது. ஒரு லாமினார் ஹூட், ஒரு கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர், ஒரு சாதாரண நுண்ணோக்கி ஆகியவை இருந்தால் அதன் முதல் பாதியை இங்கேயே செய்துவிடலாம். மீதிக்குப் பெங்களூருக்குப் பேருந்து ஏற வேண்டும். அந்த முதல் பாதியை எப்படிப் பிழையின்றிச் செய்வது என்பதுதான் இக்கட்டுரை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியைப் பார்த்தவர்களுக்கு ஓர் உவமை எளிதாகப் பிடிபடும். கூட்டில் நூல் முழுவதும் இருந்தாலும், கொதிநீரில் இட்டுச் செரிசின் என்னும் பசையை இளக்கினால்தான் நூலின் முனை கைக்குக் கிடைக்கும். மனிதச் செல் ஒன்றில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. இருக்கிறது. அதில் 147 காரஇணைகள் கொண்ட ஒவ்வொரு துண்டும் எட்டு ஹிஸ்டோன் புரதங்களாலான உருளையை இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அதுதான் நியூக்ளியோசோம். சுற்றப்பட்ட பகுதியிலுள்ள மரபணுவைப் படிப்பது கடினம். ஆனால் உவமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது. பட்டுக்கூட்டை ஒரே முறை முழுவதுமாகப் பிரிக்கிறோம். செல்லோ சில இடங்களை மட்டும் திறந்து, சில இடங்களை மூடி, எதைத் திறந்தது என்பதைப் பொறுத்துத் தசையாகவோ கொழுப்பாகவோ வெள்ளணுவாகவோ மாறுகிறது. இந்த மாற்றத்தைத்தான் செல் வேறுபாடடைதல் என்கிறோம்.

இந்தத் திறப்பையும் மூடலையும் செய்யும் புரதங்கள் நான்கு வகைப்படும். ஹிஸ்டோன் மீது அசெட்டைல், மெத்தில் போன்ற குறிகளை எழுதுபவை ஒரு வகை, இ.இசட்.எச்.2 அதில் ஒன்று. அக்குறிகளை அழிப்பவை இரண்டாம் வகை, எச்.டி.ஏ.சி. எனப்படும் அசெட்டைல் நீக்கும் நொதிகள் இவற்றில் அடங்கும். குறிகளைப் படித்து அங்கே போய் ஒட்டிக்கொள்பவை மூன்றாம் வகை, பி.ஆர்.டி.4 இதற்கு எடுத்துக்காட்டு. நான்காம் வகைதான் சரியான பொருளில் மறுசீரமைப்பிகள்: செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யை எரித்து, நியூக்ளியோசோமைப் பிடித்து நகர்த்துபவை அல்லது வெளியேற்றுபவை. இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது ஸ்விச் ஸ்னிஃப் என்று வாய்மொழியாக அழைக்கப்படும் கூட்டுப்புரதம். சர்க்கரையைப் புளிக்க வைக்க இயலாத ஈஸ்டுகளையும், பால்வகையை மாற்றிக்கொள்ள இயலாத ஈஸ்டுகளையும் தேடியவர்கள் தனித்தனியே கண்டெடுத்த மரபணுக்கள் ஒரே கூட்டுப்புரதத்தைச் சேர்ந்தவை என்று பின்னர்த் தெரிந்தது. அதனால்தான் இந்த இரட்டைப் பெயர். மனிதரில் இதன் இயந்திரமாக இருப்பவை ஸ்மார்க்கா2, ஸ்மார்க்கா4 என்னும் இரண்டு புரதங்கள்.

ஆய்வுத் திட்டத்தின் தலைப்பில் ‘குரோமாட்டின் மறுசீரமைப்பி’ என்று எழுதிவிட்டு, உள்ளே எச்.டி.ஏ.சி. தடுப்பானை வைத்து வேலை செய்பவர்கள் பலர். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். நான்கில் எந்த வகையைத் தொடுகிறீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

செல்லைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது எச்.எல்.-60 என்னும் மனித இரத்தப் புற்றுநோய்ச் செல்வரிசை. இது முதிராத வெள்ளணு நிலையிலேயே நின்றுபோன செல். சரியான தூண்டுதல் கிடைத்தால் முதிர்ந்து, நியூட்ரோஃபில் என்னும் முதிர்ந்த வெள்ளணுவைப் போல நடந்துகொள்ளும். ஊடகத்தில் மிதந்தபடியே வளர்வதால் டிரிப்சின் இட்டுப் பிரிக்கும் வேலை இல்லை. முதிர்ச்சியை நிறமாற்றத்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் முதல் மாதத்தில் தேவைப்படாது.

எலித் தசைமுன்செல்லான சி2சி12 இரண்டாவது நல்ல தேர்வு. செல்கள் தட்டை நிரப்பியதும் கன்றுக்கரு சீரத்தை எடுத்துவிட்டு 2 விழுக்காடு குதிரைச் சீரம் கொடுத்தால், சில நாட்களில் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட தசைக்குழல்களாவதைப் பார்க்கலாம். ஆனால் அதைத் தட்டு நிரம்ப விட்டு வளர்த்தால், அடுத்த தலைமுறைகளில் இணையும் திறனே போய்விடும். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பி வரும் மாணவருக்கு அது ஏற்ற செல் அல்ல.

செல்லை எங்கிருந்து பெறுவது என்பதில் சலுகை எடுக்காதீர்கள். புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் களஞ்சியத்திலிருந்து முறைப்படி வாங்குங்கள். பக்கத்து ஆய்வகத்து நண்பர் ஐஸ் பெட்டியில் வைத்துத் தரும் குப்பி இலவசம்தான். அதனுடன் மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச் சிறிய பாக்டீரியாவும் இலவசமாக வரக்கூடும். மைக்கோபிளாஸ்மா சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, ஊடகத்தைக் கலங்க வைக்காது, பெனிசிலினுக்கும் அடங்காது. ஆனால் செல்லின் மரபணு வெளிப்பாட்டை மாற்றிவிடும். உங்கள் கேள்வியே மரபணு வெளிப்பாடு பற்றியது. எனவே வந்த வாரமே பி.சி.ஆர். சோதனை செய்து, அதன் படத்தைக் குறிப்பேட்டில் ஒட்டி வையுங்கள்.

எச்.எல்.-60ஐ ஆர்.பி.எம்.ஐ. 1640 ஊடகத்தில் 10 விழுக்காடு கன்றுக்கரு சீரத்தோடு, மில்லிலிட்டருக்கு 2 லட்சம் முதல் 8 லட்சம் செல்கள் என்ற வரம்பில் வைத்திருங்கள். 10 லட்சத்தைத் தாண்ட விடாதீர்கள். நெரிசலில் வளர்ந்த செல் தடுப்பான் இல்லாமலே போக்கு மாறும். சோதனை முழுவதற்கும் ஒரே தொகுதிச் சீரத்தைப் பயன்படுத்துங்கள்.

மூலக்கூறைத் தேர்ந்தெடுத்தல்

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். விலைப்பட்டியலில் ‘தடுப்பான்’ என்று போட்டிருக்கும் எல்லாமே ஆய்வுக்கு ஏற்ற தடுப்பான் அல்ல. சோதனைக் குழாயில் 100 நானோமோலாருக்குக் கீழே வேலை செய்வது, நெருங்கிய உறவுப் புரதங்களைவிடத் தன் இலக்கைக் குறைந்தது 30 மடங்கு அதிகமாகப் பற்றுவது, செல்லுக்குள் 1 மைக்ரோமோலார் அளவிலேயே பலன் காட்டுவது ஆகிய மூன்றும் ஒரு நல்ல ஆய்வு மூலக்கூறுக்குப் பொதுவாக எதிர்பார்க்கப்படும் தகுதிகள். நான்காவதாக நான் ஒன்று கேட்பேன்: அதே உருவில், வேலை செய்யாத இரட்டை ஒன்று கிடைக்கிறதா?

ஜே.க்யூ.1 அப்படிப்பட்டது. 2010இல் வெளியான இம்மூலக்கூறு, பி.ஆர்.டி.4 அசெட்டைல் குறியைப் பிடிக்கும் பள்ளத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு புரதத்தைக் குரோமாட்டினிலிருந்து கழற்றிவிடுகிறது. அந்த முதல் ஆய்விலேயே, பி.ஆர்.டி.4 இன்னொரு புரதத்தோடு ஒட்டிப் பிறக்கும் அரிய புற்றுநோயின் செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டு முதிரத் தொடங்கின. இதன் வலக்கை வடிவம், அதாவது (+) குறியுள்ளது, வேலை செய்யும். கண்ணாடிப் பிம்பமான இடக்கை வடிவம் பி.ஆர்.டி.4ஐப் பற்றாது. எடை ஒன்று, கரைதிறன் ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று. செல்லில் கண்ட விளைவு வலக்கை வடிவத்தில் மட்டும் வந்தால், அது வெறும் வேதிப்பொருள் நச்சால் வந்ததல்ல என்று துணிந்து எழுதலாம். எச்.எல்.-60இல், செல் பெருக்கத்தைத் தூண்டும் எம்.ஒய்.சி. மரபணு பல படிகளாகப் பெருகியிருக்கிறது, ஜே.க்யூ.1 அந்த மரபணுவின் வெளிப்பாட்டைக் குறைக்கும் என்பதால் இந்தச் செல்லுக்கு இம்மூலக்கூறு பொருத்தம்.

எச்.டி.ஏ.சி. தடுப்பான்களில் வோரினோஸ்டாட் எளிதாகக் கிடைப்பது. நொதியின் பள்ளத்தின் அடியிலுள்ள துத்தநாக அயனியைப் பிடித்துக்கொள்வதால் அது நொதியை முடக்குகிறது. தோலில் தோன்றும் ஒருவகை டி செல் லிம்ஃபோமாவுக்கான மருந்தாக 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரே எச்.டி.ஏ.சி.யை மட்டும் அல்லாமல் பலவற்றையும் சேர்த்தே தடுக்கும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரியான பொருளில் மறுசீரமைப்பியையே தடுக்க விரும்பினால், பி.எஃப்.ஐ.-3 என்னும் மூலக்கூறின் கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். அது ஸ்மார்க்கா புரதங்கள் அசெட்டைல் குறியைப் படிக்கும் பகுதியில் நன்றாகவே ஒட்டும். ஆனால் அப்புரதங்களை நம்பி வாழும் புற்றுநோய்ச் செல்கள் அதைச் சட்டை செய்யவில்லை. காரணம், அச்செல்களுக்குத் தேவைப்பட்டது படிக்கும் பகுதி அல்ல, ஏ.டி.பி.யை எரிக்கும் பகுதி. வண்டியை நிறுத்த வேண்டும் என்று நினைத்துக் கண்ணாடியைத் துணியால் மூடியது போல ஆயிற்று, இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. 2018இல் வெளியான பி.ஆர்.எம்.014 இயந்திரப் பகுதியையே தடுக்கிறது. 2019இல் வந்த ஏ.சி.பி.ஐ.1 படிக்கும் பகுதியைக் கைப்பிடியாக மட்டும் பயன்படுத்திப் புரதம் முழுவதையும் செல்லின் சிதைப்பு இயந்திரத்துக்கு இழுத்துப் போகிறது. ஒரு புரதத்தைத் தடுத்தேன் என்பதோடு நில்லாமல், அதன் எந்தப் பகுதியைத் தடுத்தேன் என்று எழுதப் பழகுங்கள்.

மஞ்சளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் மஞ்சள் விளையும் வீடுகளிலிருந்து வரும் மாணவர்கள் குர்குமினை வைத்துச் செய்யலாமா என்று கேட்காத ஆண்டு இல்லை. கேட்பதில் நியாயம் உண்டு: ஹிஸ்டோனில் அசெட்டைலை எழுதும் பி300 நொதியைக் குர்குமின் தடுக்கும் என்றும், முந்திரிக்கொட்டைத் தோலின் அனகார்டிக் அமிலமும் கொக்கம் பழத்தோலின் கார்சினோலும் தடுக்கும் என்றும் பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆய்வு மையத்தில் தபஸ் குண்டுவின் குழுவினர் 2003, 2004ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் நடந்த நல்ல வேலை அது. ஆயினும் முதல் சோதனைக்கு இவற்றை எடுக்க வேண்டாம் என்பேன். குர்குமின் சீரம் இல்லாத நடுநிலைக் கரைசலில் 37 டிகிரியில் அரை மணிக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும், தானே ஒளிரும், பல புரதங்களோடும் ஒட்டும். சோதனைக்குக் கொடுத்தது எது, செல் பார்த்தது எது என்று பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம். வீட்டில் அரைத்துச் சாராயத்தில் ஊறவைத்த சாற்றுக்கோ மோலார் அளவே கிடையாது.

கரைப்பானும் கணக்கும்

இக்கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இம்மூலக்கூறுகளில் பெரும்பாலானவை நீரில் நன்றாகக் கரையா. டைமெத்தில் சல்ஃபாக்சைடில், அதாவது டி.எம்.எஸ்.ஓ.வில் கரைக்கிறோம். 1971இல் சார்லட் ஃபிரெண்டும் உடன் பணியாற்றியவர்களும் எலியின் இரத்தப் புற்றுநோய்ச் செல்களில் இதே டி.எம்.எஸ்.ஓ.வை இட்டபோது அவை முதிர்ந்து ஹீமோகுளோபின் உருவாக்கத் தொடங்கின. 1978இல் எச்.எல்.-60உம் அவ்வாறே முதிர்வது காட்டப்பட்டது. அன்றிலிருந்து 1.25 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ. என்பது எச்.எல்.-60ஐ முதிர வைக்கும் வழக்கமான முறை. அதே டி.எம்.எஸ்.ஓ. வழியில் மேலும் வீரியமுள்ள மூலக்கூறுகளைத் தேடிப் போனவர்களின் கைக்கு வந்ததுதான் வோரினோஸ்டாட். ஆக, நீங்கள் ‘வெறும் கரைப்பான்’ என்று நினைப்பது இந்தத் துறையின் முதல் மருந்து.

எங்கள் ஆய்வகத்தில் இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முதல் தொகுதி மாணவி ஒருவர், ஒரு மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் தடுப்பானை இட்டார். ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுக் குழிகளிலும் நேர்மையாக 10 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ.வை இட்டார். ஆறாம் நாள் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, “மேடம், கன்ட்ரோலும் நீலமாயிடுச்சு” என்றார். முதிர்ந்த செல்தான் சாயத்தில் நீலமாகும். அப்படி நீலமானவை தடுப்பான் குழியில் 60 விழுக்காட்டுக்கு மேல், கட்டுப்பாட்டில் 50க்கு அருகில். அவர் கையில் பிழை இல்லை. அளவைச் சொல்லிக் கொடுத்த என்னிடம்தான் பிழை. 1 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ. செல்லைப் பாதி வழி கொண்டு போய்விட்டது. தடுப்பான் செய்தது எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை. அந்தச் சோதனையை முழுவதுமாகக் கழித்தோம்.

எனவே இறுதி டி.எம்.எஸ்.ஓ. அளவு 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எல்லாக் குழிகளிலும் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். 0.1 விழுக்காடு கூடச் சிறிய அளவல்ல: அது ஏறக்குறைய 14 மில்லிமோலார். தடுப்பான் 0.5 மைக்ரோமோலாரில் இருக்கும்போது, தடுப்பானின் ஒரு மூலக்கூறுக்குக் கரைப்பானின் 28,000 மூலக்கூறுகள் குழியில் இருக்கின்றன.

கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். ஜே.க்யூ.1இன் மூலக்கூறு எடை 457. குப்பியில் 5 மில்லிகிராம் இருந்தால் அது 10.94 மைக்ரோமோல்; 1.094 மில்லிலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. சேர்த்தால் 10 மில்லிமோலார் மூலக்கரைசல் கிடைக்கும். அதை 20 மைக்ரோலிட்டர் வீதம் சிறு குழாய்களில் பிரித்து உறைநிலையில் வையுங்கள்; ஒரு குழாயை ஒரு முறைக்கு மேல் உருக்காதீர்கள். சோதனை நாளில் ஒரு குழாயிலிருந்து 5 மைக்ரோலிட்டர் எடுத்து 95 மைக்ரோலிட்டர் டி.எம்.எஸ்.ஓ.வில் கலந்தால் 0.5 மில்லிமோலார், அதை ஊடகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சேர்த்தால் 0.5 மைக்ரோமோலார் தடுப்பானும் 0.1 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ.வும். பல அளவுகளைச் சோதிக்கும்போது நீர்த்தலை டி.எம்.எஸ்.ஓ.விலேயே செய்து, ஒவ்வொன்றையும் ஆயிரத்தில் ஒரு பங்காகவே சேருங்கள். ஒரே மூலக்கரைசலிலிருந்து 1, 3, 10 மைக்ரோலிட்டர் என்று சேர்த்தால் தடுப்பானோடு டி.எம்.எஸ்.ஓ.வும் ஏறும்.

ஒரு மைக்ரோலிட்டரை நேராகக் குழியில் இடவும் வேண்டாம். மூன்று குழிகளுக்கு 3.5 மில்லிலிட்டர் ஊடகத்தைத் தனிக் குழாயில் எடுத்து, அதில் 3.5 மைக்ரோலிட்டர் கலந்து, பிறகு பங்கிடுங்கள்.

இன்னொரு சங்கதி. டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியில் உறையும். மார்கழிக் காலையில் ஓசூர், தளிப் பக்கத்து ஆய்வகங்களில் அலமாரியில் வைத்த பாட்டிலிலேயே படிகம் கட்டியிருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குழாய் பார்வைக்கு உருகியது போலத் தெரிந்தாலும் அடியில் உறைந்திருக்கலாம்; மேலே உள்ளதை மட்டும் எடுத்தால் அளவு தவறும். கையில் வைத்துச் சூடேற்றி, சுழற்றிக் கலந்து, சிறு மையவிலக்கில் ஒரு சுற்று விட்டுப் பிறகு எடுங்கள். கையுறை கட்டாயம்: டி.எம்.எஸ்.ஓ. தோலைக் கடக்கும், தன்னில் கரைந்ததையும் உடன் அழைத்துச் செல்லும். நீங்கள் கரைத்திருப்பது குரோமாட்டினைத் தொடும் மருந்து.

தட்டைத் திட்டமிடுதல்

24 குழித் தட்டு போதும். குழிக்கு ஒரு மில்லிலிட்டரில் 2 லட்சம் செல்கள். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று குழிகள்: எதுவும் சேர்க்காதது, 0.1 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ. மட்டும், 0.5 மைக்ரோமோலார் வலக்கை ஜே.க்யூ.1, அதே அளவில் இடக்கை ஜே.க்யூ.1, 1 மைக்ரோமோலார் வோரினோஸ்டாட், உறுதியாக முதிரவைக்கும் 1.25 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ. ஆக 18 குழிகள். மீதி ஆறில் செல் இல்லாமல் ஊடகமும் மூலக்கூறுகளும் மட்டும் இடுங்கள். எதற்கென்று கீழே சொல்கிறேன். இந்த அளவுகளைத் தொடக்கமாக மட்டும் கொண்டு, முன்கூட்டியே 0.03 முதல் 10 மைக்ரோமோலார் வரை மும்மடங்குப் படிகளில் ஒரு சிறிய சோதனை செய்து, உங்கள் செல்லில் பாதிக்கு மேல் கொல்லாத அளவைக் கண்டுகொள்ளுங்கள்.

கட்டுப்பாட்டுச் செல்கள் ஒன்றரை, இரண்டு நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஐந்து நாள் தொடாமல் விட்டால் நெரிசலில் சிக்கும். ஆதலால் மூன்றாம் நாள் ஒவ்வொரு குழியையும் எண்ணி, மீண்டும் 2 லட்சத்துக்கு நீர்த்து, அதே அளவுத் தடுப்பான் கலந்த புதிய ஊடகம் கொடுங்கள். நீர்த்த மடங்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாட்களைக் குறிக்கும் முன் மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்த அறிவிப்பைப் பாருங்கள். காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் பிற்பகல்தான் திரும்பும். ஐந்தாம் நாள் அன்று அது விழுந்தால் பயனில்லை. எதிர்பாராமல் நின்றால் இன்குபேட்டர் கதவைத் திறக்காமல் நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள்.

அளவிடுதல்: மூன்று கேள்விகள், இந்த வரிசையில்

முதல் கேள்வி, தடுப்பான் இலக்கை அடைந்ததா? வோரினோஸ்டாட் இட்ட சில மணி நேரத்திலேயே ஹிஸ்டோன்களில் அசெட்டைல் கூடிவிடும். தனியாக வளர்த்த செல்களிலிருந்து ஹிஸ்டோன்களை 0.2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிரித்தெடுத்து, 15 விழுக்காடு ஜெல்லில் ஓட்டி, எதிர்ப்பொருளால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் செய்யலாம். ஹிஸ்டோன் எச்3 17 கிலோடால்டன்தான், சாதாரண 0.45 மைக்ரான் சவ்வில் அது மறுபக்கம் போய்விட வாய்ப்புண்டு, 0.2 மைக்ரான் சவ்வு வாங்குங்கள். ஒப்பீட்டுக்கு ஆக்டினை அல்லாமல் மொத்த எச்3ஐயே வையுங்கள். ஜே.க்யூ.1க்கு இம்முறை உதவாது, அது குறியைத் தொடுவதில்லை, படிப்பவரைத்தான் விரட்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் எம்.ஒய்.சி. ஆர்.என்.ஏ. குறைந்ததா என்று பாருங்கள்.

இரண்டாம் கேள்வி, செல் உயிரோடு இருக்கிறதா? இறந்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் நீலச் சாயத்தை இட்டு எண்ணுங்கள். பெருக்கம் நிற்பதும் முதிர்வதும் ஒன்றல்ல, எச்.டி.ஏ.சி. தடுப்பான்களில் பெரும்பாலானவை பெருக்கத்தை நிறுத்தும். நின்றுபோன செல்லை முதிர்ந்த செல் என்று எழுதிய ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் முதிர்ச்சி. முதிர்ந்த வெள்ளணு தூண்டப்பட்டால் சூப்பராக்சைடை உமிழும், அது என்.பி.டி. என்னும் மஞ்சள் சாயத்தைக் கரையாத நீலக்கருப்புத் துகளாக்கும். செல்களை மில்லிலிட்டருக்கு 10 லட்சமாகத் திரட்டி, இறுதி அளவில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்.பி.டி., செல்லைத் தூண்டும் பி.எம்.ஏ. 100 நானோகிராம் இருக்குமாறு கலந்து, 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். பிறகு ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். முதிராத செல் வட்டமாக, வெளிறி, உள்ளே ஒன்றும் இல்லாமல் தெரியும். முதிர்ந்ததில், கேழ்வரகு மாவில் தெரியும் கருந்தோல் துணுக்குகளைப் போலக் கரும்புள்ளிகள் செல்லுக்குள் திட்டாகச் சேர்ந்திருக்கும். 200 செல்களை எண்ணுங்கள். எது எந்தக் குழி என்று தெரியாத இன்னொருவரை எண்ணச் சொல்வது இன்னும் நல்லது. செல் இல்லாத அந்த ஆறு குழிகளிலும் இதே சாயத்தை இடுங்கள். சில மூலக்கூறுகள், குறிப்பாகத் தாவரப் பாலிஃபீனால்கள், செல் எதுவும் இல்லாமலே என்.பி.டி.யை நீலமாக்கிவிடும்.

சாயத்தை மட்டும் நம்பி முடிவெழுத முடியாது. சி.டி.11பி என்னும் மேற்பரப்புப் புரதம் கூடியதா என்று, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பெங்களூர்ப் பயணம்.

காலத்தைப் பற்றி ஒரு சொல்

தடுப்பான்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. இ.இசட்.எச்.2 தடுப்பானை இட்டு மறுநாள் பார்த்து ‘பலனில்லை’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. அது புதிய மெத்தில் குறி எழுதப்படுவதைத்தான் நிறுத்துகிறது. எச்3 புரதத்தின் 27ஆம் லைசினில் ஏற்கெனவே இருக்கும் மூன்று மெத்தில் குறி, பெரும்பாலும் செல் பிரியப் பிரியத்தான் நீர்த்துப் போகும். குறி குறைய மூன்று நான்கு நாள், செல்லின் நடத்தை மாற ஒரு வாரத்துக்கு மேல். பொறுமை இல்லாதவர் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எப்போது இடுகிறோம் என்பதும் விடையை மாற்றும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தசைமுன்செல்கள் பெருகிக்கொண்டிருக்கும்போது எச்.டி.ஏ.சி. தடுப்பானைக் கொடுத்துப் பின் அகற்றினால் தசையாவது கூடியது. முதிரத் தொடங்கிய பிறகு கொடுத்தால் தடைப்பட்டது. அதே செல், அதே மருந்து. ஆகவே ‘இம்மருந்து முதிர்ச்சியைத் தூண்டும்’ என்ற வாக்கியம் நாளைச் சொல்லாமல் அரைகுறைதான்.

அகற்றிப் பார்ப்பதும் கட்டாயம். ஐந்தாம் நாள் செல்களை இரண்டு முறை கழுவி, தடுப்பான் இல்லாத ஊடகத்தில் மூன்று நாள் வையுங்கள். மீண்டும் பெருகத் தொடங்கினால் அவை முதிரவில்லை, ஒதுங்கி நின்றன.

இந்த வேறுபாடு தட்டோடு முடிவதில்லை. ஷாங்காயில் வாங் ஜென்யீயின் குழுவினர் 1988இல் 24 இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு ரெட்டினோயிக் அமிலம் கொடுத்துச் செல்களை முதிரவைத்ததை வெளியிட்டபோது அது பெரும் திருப்பம். ஆனால் ஒரே நேரத்தில் முதிரும் வெள்ளணுக்கள் நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும் நிலையும் பின்னர்த் தெரியவந்தது. அதற்கு வேறுபாட்டு நோய்க்குறித்தொகுப்பு என்று பெயர். ஸ்மார்க்கா இயந்திரத்தைத் தடுக்கும் எஃப்.எச்.டி.-286 என்னும் மருந்தின் இரத்தப் புற்றுநோய்ச் சோதனை 2022இல் இந்த ஐயத்தாலேயே நிறுத்தி வைக்கப்பட்டது.

பெங்களூருக்குக் கொண்டு செல்லும்போது

ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குச் செல்களை உயிரோடு கொண்டு போக முயலாதீர்கள். சி.டி.11பி எதிர்ப்பொருளால் இங்கேயே சாயமிட்டு, பிறகு 2 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைநிறுத்தி, கழுவி, உப்புக் கரைசலில் இட்டு, குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். சாயம் வெளிச்சத்தில் மங்கும். சாயமிடாத செல்கள் ஒரு குழாயும், சி.டி.11பியைப் பற்றாத, சார்பற்ற எதிர்ப்பொருள் இட்ட குழாய் ஒன்றும் உடன் வரட்டும். அவை இல்லாமல் போனால் கருவியை இயக்குபவர் எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்று கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது. தெர்மகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கும் குழாய்களுக்கும் நடுவே மடித்த செய்தித்தாள் நான்கு அடுக்கு வையுங்கள். நேராக ஐஸைத் தொட்ட குழாய் உறைந்தால் செல் உடைந்துவிடும். தருமபுரியிலிருந்து காலை 6 மணிப் பேருந்தில் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். பெட்டியைப் பின்பக்கச் சரக்கறையில் போட நடத்துநர் சொன்னாலும் போடாதீர்கள், மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.